பழையதென்று சொல்ல யாருக்கு உரிமை?

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 14ஆந் திகதி, உலகெங்கும் கோடிக்கணக்கான கணினிகள் ஒரே நாளில் முதுமை எய்தின. அன்று எந்த இயந்திரத்துக்கும் பழுது நேரவில்லை. முதல்நாள் இரவு ஒழுங்காக எழுத்தடித்துக் கொடுத்த கணினி, மறுநாட் காலையிலும் ஒழுங்காகவே எழுத்தடித்துக் கொடுத்தது. ஆயினும், அமெரிக்காவிலே ரெட்மண்ட் என்னும் ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட மைக்ரோசொப்ட் கொம்பனியார், தமது ‘விண்டோஸ் 10’ என்னும் மென்பொருளை இனிக் காத்துத் தரமாட்டோம் என முன்னரே குறித்து வைத்திருந்த நாள் அது. பொருளின் ஆயுள் பொருளிலே முடியவில்லை. கொம்பனியின் நாட்காட்டியிலே முடிந்தது.

இச் செய்தியைப் பத்திரிகையிலே படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிய நேயர்கள் பலர் இருப்பர். கணினி வைத்திருப்போர் கவலை நமக்கென்ன என்று எண்ணியவர்களும் இருப்பர். ஆனால், இதிலே அடங்கியுள்ள கேள்வி கணினிக்கு மட்டும் உரியதன்று. நமது வீட்டுக் கைத்தொலைபேசிக்கும், மின்குமிழுக்கும், நாளை வரவிருக்கும் எல்லாப் பொறிகளுக்கும் உரியது. நாம் காசு கொடுத்து வாங்கிய ஒரு பொருள் பழையதாகிவிட்டது என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? வாங்கியவனுக்கா, விற்றவனுக்கா? இன்று இதனையே ஆராய விரும்புகிறோம்.

விற்றவர் கூறும் நியாயம்

முதலில் எதிர்க்கட்சியின் வாதத்தைக் கேட்போம். கணினிக்கு உயிராய் நின்று மற்றெல்லா வேலைகளையும் நடத்துகின்ற மென்பொருளை, நமது பாடநூல்கள் ‘பணிசெயல் முறைமை’ என்று அழைக்கின்றன. இது இலட்சக்கணக்கான வரிகளால் எழுதப்பட்ட ஒரு பெருங்கட்டடம். எவ்வளவு கவனமாகக் கட்டினாலும் அதிலே ஓட்டைகள் இருக்கவே செய்யும். திருடர்கள் அவ்வோட்டைகளைக் கண்டுபிடிக்குமுன் கட்டியவரே கண்டுபிடித்து, மாதந்தோறும் அடைத்து வரவேண்டும். அவ்வேலைக்கு ஆட்கள் வேண்டும், செலவும் உண்டு. விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29இல். பத்தாண்டுகளுக்கு மேலாக ஓட்டை அடைத்தாயிற்று, இனிப் புதிய கட்டடத்துக்குக் குடிபெயருங்கள் என்கின்றனர். இதனை முழுவதும் அநியாயம் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால், குடிபெயர்வதற்கு விதித்த நிபந்தனையைப் பாருங்கள். 2021 ஒக்டோபரில் வெளிவந்த ‘விண்டோஸ் 11’ பணமின்றியே கிடைக்கும். எனினும் அதனை ஏற்பதற்குக் கணினியினுள்ளே ‘டி.பி.எம். 2.0’ என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். பெரும்பாலும் 2017ஆம் ஆண்டின் பிற்பகுதிக்குப் பின்னர் வந்த செயலியும் வேண்டும். அதற்கு முற்பட்ட கணினி எவ்வளவு திடமாக இருந்தாலும் வாசலிலேயே நிறுத்தப்படும். அவ்வாறு நிறுத்தப்பட்டவர்களுக்கு ஒரு சலுகையும் அறிவித்தனர். 30 டொலர் கட்டினால் 2026 ஒக்டோபர் 13 வரை, மேலும் ஓராண்டு பாதுகாப்புத் தருவோம் என்றனர். கணினியின் அமைப்புகளைத் தமது களஞ்சியத்திலே ஏற்றிவைக்கச் சம்மதிப்போர் பணமின்றியும் பெறலாம் என்றனர்.

இதிலே நேயர்கள் கவனிக்கவேண்டிய ஒரு நுட்பம் உண்டு. ஐரோப்பியப் பொருளாதார வலயத்து நாடுகளில் வாழ்வோருக்கு மட்டும் பணமும் வேண்டாம், களஞ்சியத்தில் ஏற்றவும் வேண்டாம், கணக்கைத் திறந்து உள்ளே வந்தாற் போதும் என்று நிபந்தனையைத் தளர்த்தினர். அந்நாட்டவர் நம்மிலும் ஏழைகளா? இல்லை. அங்கே நுகர்வோர் சங்கங்கள் கடிதம் எழுதின. அச்சங்கங்களின் பின்னே சட்டங்கள் நின்றன. கேட்கத் தெரிந்தவனுக்குக் கதவு திறந்தது. பணக்கார நாட்டானுக்கு இலவசம், ஏழை நாட்டானுக்குக் கட்டணம் என்னும் இந்த விசித்திரம் எவ்வாறு நேர்ந்தது என்பதை இவ்விடத்தே மனத்திற் பதித்துக்கொள்க.

நமது ஊரின் சாட்சி

நாம் வாழும் பொல்பிட்டியவுக்கு வருவோம். மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் ஒன்றுகூடிக் களனி கங்கையாகும் இப்பகுதியிலே, 1969ஆம் ஆண்டு முதல் ஒரு நீர்மின் நிலையம் இயங்கி வருகின்றது. ‘சமனல’ என்ற பெயரும் அதற்குண்டு. தொடங்கியபோது அதன் ஆற்றல் 75 மெகாவாற்று. சற்று மேலே லக்சபானவிலுள்ள பழைய மின்நிலையமோ இதற்கும் மூத்தது, 1950இல் ஒளியேற்றியது. இம்மலைகளின் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே ஆய்வுரை எழுதி வாதாடினார் என்பது நாட்டு வரலாறு.

பொல்பிட்டிய மின்நிலையத்தின் பொறிகளுக்கும் வயது ஏறத்தான் செய்தது. அப்பொழுது யாரும், “இது 1969ஆம் ஆண்டுப் பொறி, இதன் காலம் முடிந்தது, மலையைக் குடைந்து வேறொன்று கட்டுங்கள்” என்று சொல்லவில்லை. தேய்ந்த பாகங்களை மாற்றினர். கட்டுப்பாட்டுக் கருவிகளைப் புதுக்கினர். திருத்தம் முடிந்தபோது 75 மெகாவாற்று நிலையம் 90 மெகாவாற்று நிலையமாயிற்று. கிழவனுக்கு மருந்து கொடுத்தபோது அவன் வாலிபனிலும் மிகுதியாகப் பாரம் சுமந்தான் எனலாம். நாடெங்கும் இன்று கைத்தொலைபேசிகளுக்கு ஏறும் மின்சாரத்தில் ஒரு பங்கு, இவ்வாறு திருத்தப்பட்ட பழைய பொறிகளிலிருந்தே பிறக்கின்றது. அரை நூற்றாண்டுப் பொறி, மூன்றாண்டுத் தொலைபேசிக்கு உயிரூட்டுகின்றது. மூன்றாண்டுத் தொலைபேசியோ தனக்கு மூப்பு வந்துவிட்டது என்கின்றது!

தேயிலைத் தொழிற்சாலைக்குள்ளே சென்று பார்த்தவர்களுக்கும் இவ்வுண்மை புலப்படும். கொழுந்தைப் பிசையும் உருளைப் பொறியும், உலர்த்தும் அடுப்பும் பல தலைமுறை கண்டவை. தேய்ந்த பாகத்தைக் கழற்றி, அளவெடுத்து, பட்டறையிலே கடைந்து மீண்டும் பூட்டுவர். பொறியை ஓட்டுபவருக்கே அதனைத் திறக்கவும் தெரியும்.

வேறுபாடு எங்கே இருக்கின்றது? இரும்பு உறுதியானது, கண்ணாடி மெலிந்தது என்பது மட்டும் காரணமன்று. பெரும் பொறியை வாங்குபவர் பேரம் பேசும் வலிமை உள்ளவர். வரைபடம் எங்கே, உதிரிப் பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும், திறந்து திருத்த யார் கற்றுத் தருவார் என்று கேட்டே வாங்குவார். ஹட்டன் கடைவீதியிலே கைத்தொலைபேசி வாங்கும் தோட்டத் தொழிலாளி எதைக் கேட்பார்? நிறம் கேட்பார், விலை கேட்பார், தவணை உண்டா என்று கேட்பார். அதற்கு மேல் கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஆயிரம் மணிநேரக் குமிழ்

ஒரு பொருள் விரைவில் சாகவேண்டும் என்று விற்பவர் விரும்புவது இன்று தோன்றிய வழக்கமன்று. 1924ஆம் ஆண்டு டிசம்பரில் உலகத்தின் பெரிய மின்குமிழ்க் கொம்பனியார் சுவிற்சர்லாந்து தேசத்து ஜெனீவா நகரிலே கூடினர். ஜெர்மனியின் ஒஸ்ராம், ஒல்லாந்தின் பிலிப்ஸ் முதலியோர் அதிலே இருந்தனர். ‘பீபஸ்’ என்று பெயரிட்ட அக்கூட்டு, ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் மணிநேரம் எரியக்கூடிய குமிழ்களை ஆயிரம் மணிநேரத்துக்குக் கட்டுப்படுத்தியது. அங்கத்தவர்களின் குமிழ்கள் சோதிக்கப்பட்டன. விதித்த காலத்துக்கு மேல் எரியும் குமிழைச் செய்தவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. தரங் குறைந்ததற்காக அபராதம் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறோம். தரம் மிகுந்ததற்காக அபராதம் விதித்த கதை இது. இரண்டாம் உலகப் போர் வந்து அக்கூட்டினைக் கலைத்தது.

நீண்டநாள் எரியும் குமிழ் மங்கலாக எரியும், மின்சாரத்தையும் மிகுதியாக உண்ணும் என்று அவர்கள் காரணங் காட்டினர். அதிலே ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால், மங்கலாயினும் நீண்டநாள் எரிவது வேண்டுமா, பிரகாசமாகச் சில நாள் எரிவது வேண்டுமா என்பதை விளக்கேற்றுபவர் அல்லவா தீர்மானிக்கவேண்டும்? வாங்குபவருக்குத் தெரியாமல், வாங்குபவருக்காகத் தீர்மானித்ததே குற்றம்.

அக்குற்றத்தின் சாயலை நம் காலத்திலும் கண்டோம். 2017 டிசம்பரில் அப்பிள் கொம்பனியார், பற்றரி தளர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைத் தாமே குறைத்து வந்ததை ஒப்புக்கொண்டனர். பற்றரி தளர்ந்தால் தொலைபேசி திடீரென அணைந்துவிடும். அதனைத் தடுக்கவே அவ்வாறு செய்தோம் என்றனர். காரணம் மெய்யாகவே இருக்கலாம். ஆனால், தொலைபேசி மந்தமாகிவிட்டது என்று நொந்து புதியது வாங்கியவர் எத்தனை பேர்? பற்றரியை மட்டும் மாற்றினாற் போதும் என்று யாராவது அவர்களிடம் சொன்னார்களா? உண்மை வெளிவந்து கூச்சல் எழுந்த பின்னரே, 79 டொலராக இருந்த பற்றரி மாற்றும் கட்டணத்தை 29 டொலராகக் குறைத்தனர். 2018இல் இத்தாலி தேசத்து அதிகாரிகள் மென்பொருளால் பழைய தொலைபேசிகளை மந்தமாக்கிய குற்றத்துக்காக அப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 இலட்சம் யூரோவும் அபராதம் விதித்தனர். 2020இல் பிரான்சு தேசம் அப்பிளுக்கு இரண்டரைக் கோடி யூரோ விதித்தது.

அதே 2020ஆம் ஆண்டு ஒக்டோபரில் ‘ஐபோன் 12’ வந்தது. பெட்டியிலே சார்ஜர் இல்லை. சுற்றாடலைக் காக்கவே எடுத்துவிட்டோம் என்றனர். சாம்சங் கொம்பனியார் அதைக் கேலி செய்து விளம்பரம் இட்டனர். 2021 ஜனவரியில் தாமும் சார்ஜரை எடுத்துவிட்டனர். ஏற்கெனவே சார்ஜர் உள்ள வீட்டுக்கு இன்னொன்று வேண்டியதில்லை என்பது நியாயமே. ஆனால் சார்ஜர் குறைந்ததேயொழிய அதற்கேற்ப விலை குறைந்ததாக வாங்கியவர் உணரவில்லை. தியாகம் வாங்குபவருடையது, புகழ் விற்பவருடையது என்றாயிற்று.

லயத்துக்கு வரும் கணக்கு

இத்தகைய தீர்மானங்கள் தொலைவில் உள்ள மண்டபங்களில் எடுக்கப்படுகின்றன. அவற்றின் கணக்கு வந்து விழும் இடங்களில் நமது தோட்டத்து லயங்களும் உண்டு.

2020 மார்ச்சில் கொவிட் நோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் வாட்ஸ்அப் வழியே போயின. ஆசிரியராகிய நாமும் அவ்வாறே அனுப்பினோம். ஒரு காம்பராவில் மூன்று பிள்ளைகள் இருப்பர். தொலைபேசி ஒன்றே இருக்கும். அதுவும் தகப்பனோடு வேலைக்குப் போய்விட்டு அந்தியிலே திரும்பும். மூத்தவள் எழுதி முடித்த பின்னரே இளையவன் கைக்கு வரும். இரவு பத்து மணிக்கு மேல் விடை அனுப்பும் பிள்ளையை நாம் ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை. அதன் முறை அப்பொழுதுதான் வந்தது என்பது எமக்குத் தெரியும். கண்ணாடியிலே கீறல் விழுந்து, பற்றரி தளர்ந்து, சார்ஜர் கம்பியிலிருந்து விலகாமலேயே பாடம் படித்துச் சாதாரண தரம் சித்தியடைந்த பிள்ளைகள் இம்மலைநாட்டில் உண்டு. அப்பழைய தொலைபேசிகள் ஒரு தலைமுறையின் கரும்பலகையாயிருந்தன.

2025 ஜனவரி முதலாந் திகதி, வாட்ஸ்அப் நிறுவனத்தார் 2013ஆம் ஆண்டைச் சேர்ந்த ‘அண்ட்ரொய்ட் 4.4’ வகைத் தொலைபேசிகளைக் கைவிட்டனர். அதே ஆண்டு மே மாதத்தில் பழைய ஐபோன்கள் சிலவற்றையும் கைவிட்டனர். பதினோராண்டு தாங்கியதே போதாதா என்று நகரத்தார் கேட்கலாம். அவர்கள் கைவிட்ட தொலைபேசி, இரண்டாங்கை மூன்றாங்கை மாறி வந்து சேர்ந்த இடம் எது என்பதையும் எண்ணவேண்டும். புதிதாய் வாங்கியவருக்குப் பதினோராண்டு; கடைசியாய் வாங்கியவருக்கு ஓராண்டும் இராது.

கூலிக் கணக்கிலே வைத்துப் பாருங்கள். 2024ஆம் ஆண்டு பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அக்கணக்கில் 40,500 ரூபாய்த் தொலைபேசி ஒன்று முப்பது நாட் கூலி. அதுவும் முப்பது நாளும் வேலை கிடைத்து, உண்ணாமலும் உடுக்காமலும் இருந்தால். மைக்ரோசொப்ட் கேட்ட 30 டொலர், டொலர் ஒன்று 300 ரூபாய் என்று கொண்டால் 9,000 ரூபாய். ஏறத்தாழ ஏழு நாட் கூலி. ரெட்மண்டில் அது ஒரு வேளை விருந்துக்கும் காணாது. ஒரே தொகை, இரண்டு இடங்களில் இரண்டு பாரம்.

பிள்ளையின் தொலைபேசிக்காகத் தோட்டைக் கழற்றி அடகு வைத்த தாய்மார் நம்மிடையே உண்டு. அத்தோடு இன்னும் மீளுமுன்னரே தொலைபேசி ‘பழையது’ என்று அறிவிக்கப்படுமாயின், அதனைத் தொழில்நுட்ப முன்னேற்றம் என்று மட்டும் சொல்லி நாம் அமைதியடைய இயலாது.

திருத்துபவர் கையைக் கட்டியது யார்?

கைத்தொலைபேசி திருத்தும் இளைஞர்கள் நமது சிறு பட்டணங்கள் தோறும் இருக்கின்றனர். ஒரு மேசை, ஒரு விளக்கு, ஓர் உருப்பெருக்கி, ஒரு சூட்டுக்கோல் — இவையே அவர்களது முதல். பல்கலைக்கழகம் காணாத அக்கைகள் செய்யும் வேலையைக் கண்டு நாம் வியந்ததுண்டு. நாட்டில் டொலர் வற்றிய 2022ஆம் ஆண்டு, 200 ரூபாயளவில் இருந்த ஒரு டொலர் 360 ரூபாயையுங் கடந்தபோது, புதியது வாங்க வழியற்ற குடும்பங்களுக்குப் பழையதை ஓடவைத்தவர்கள் இவர்களே.

அவர்களுடைய வேலை ஆண்டுக்காண்டு கடினமாகி வருகின்றது. முன்னர் முதுகு மூடியை நகத்தால் நீக்கிப் பற்றரியை மாற்றினோம். இன்று பசையிட்டு ஒட்டிவிட்டனர். வழக்கமில்லாத தலைகொண்ட திருகாணிகளைப் பூட்டினர். இவற்றையும் கடந்தால், பாகத்துக்கும் தொலைபேசிக்கும் மென்பொருளால் முடிச்சுப் போட்டிருக்கின்றனர். ஒரே வகைத் தொலைபேசியிலிருந்து எடுத்த அசல் பாகத்தைப் பூட்டினாலும், கொம்பனியின் சம்மதமின்றேல் ஏதேனுமொரு வசதி இயங்காது, அல்லது ஓர் எச்சரிக்கை திரையிலே தோன்றும். அமெரிக்காவின் ஒறிகன் மாநிலம் 2024 மார்ச்சில் இம்முடிச்சுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது.

பற்றரி ஆபத்தான பொருள். கற்காதவர் தொட்டாற் தீப்பற்றும் என்று கொம்பனியார் சொல்வர். மெய்தான், போலிப் பற்றரியால் வெந்த கைகளும் உண்டு. ஆனால், அதற்கு மருந்து என்ன? அசற் பற்றரியை நியாய விலைக்கு விற்பதும், கழற்றும் முறையை அச்சிட்டுக் கொடுப்பதுமன்றோ? அசலைத் தரமறுத்துவிட்டுப் போலியைப் பழிப்பது, கிணற்றைப் பூட்டிவிட்டுக் குட்டை நீர் குடித்தான் என்று அயலானைக் குறைகூறுவதற்கு ஒப்பாகும்.

எறிந்தவை எங்கே போகின்றன?

ஐக்கிய நாடுகள் அமைப்பினர் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகம் எறிந்த மின்சாதனக் குப்பை 6 கோடியே 20 இலட்சம் தொன். அதில் முறைப்படி சேர்க்கப்பட்டு மீள்சுழற்சிக்குச் சென்றதாகக் கணக்கிலே வந்தது 22.3 வீதம் மாத்திரமே. எஞ்சியவை எங்கோ புதைந்தன, எங்கோ எரிந்தன.

‘எங்கோ’ என்பதை நாம் நன்கு அறிவோம். உப்பிய பற்றரியும் உடைந்த பலகையும் லயத்தின் பின்புறத்துக் கானிலே கிடக்கின்றன. மழை அவற்றை ஓடைக்குக் கொண்டுசெல்கின்றது. ஓடை ஓயாவைச் சேர்கின்றது. பொல்பிட்டியவிலே ஒன்றுகூடும் இரண்டு ஓயாக்களின் நீர்தான் களனியாகிக் கொழும்பு மக்களின் குழாய்களுக்குப் போகின்றது. மலையிலே எறிந்ததன் சாறு தலைநகரின் குவளைக்குச் செல்லும் பாதை இது. ஆதலின், ஒரு தொலைபேசியை இரண்டு ஆண்டு கூடுதலாக உழைக்கச் செய்வது ஏழையின் சிக்கனம் மட்டுமன்று. ஆற்றுக்குச் செய்யும் உபகாரமுமாகும்.

சட்டம் செய்தவை

இவையெல்லாம் தவிர்க்க முடியாதவை, காலத்தின் போக்கு என்று சலித்துக்கொள்வோருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் செயல்களை எடுத்துக்காட்டுகிறோம். ஒவ்வொரு கொம்பனிக்கும் ஒவ்வொரு சார்ஜர் என்றிருந்த நிலையை மாற்றி, 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கப்படும் புதிய கைத்தொலைபேசிகளுக்கெல்லாம் ‘யு.எஸ்.பி.-சி’ என்னும் ஒரே வகை வாயிலைக் கட்டாயமாக்கினர். 2025 ஜூன் 20 முதல், சந்தைக்கு வரும் புதிய வகைத் தொலைபேசிகளுக்கு, அவற்றின் விற்பனை நின்ற பின்னரும் ஏழாண்டு உதிரிப்பாகமும், குறைந்தது ஐந்தாண்டு மென்பொருட் புதுப்பித்தலும் தரவேண்டும் என்று விதித்தனர். 2027 பெப்ரவரி 18இலிருந்து, விதிவிலக்குகள் சில நீங்கலாக, சிறு சாதனங்களின் பற்றரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி அமைத்தல் வேண்டும் என்றும் குறித்திருக்கின்றனர்.

முடியவே முடியாது என்று முன்னர் சொல்லப்பட்டவை, சட்டத்தின் காலடியோசை கேட்டதும் முடியக்கூடியவை ஆயின. 2023 ஒக்டோபரில் கூகிள் தனது ‘பிக்சல் 8’ தொலைபேசிக்கு ஏழாண்டு புதுப்பித்தல் தருவதாக அறிவித்தது. 2024 ஜனவரியில் சாம்சங் தனது ‘எஸ் 24’ தொலைபேசிக்கு அவ்வாறே வாக்களித்தது. ஏழாண்டு தர இயலுமாயின், முன்னர் இரண்டாண்டும் மூன்றாண்டும் தந்தது எதனால் என்று கேட்க நமக்கு இடமுண்டு. அண்டை நாடாகிய இந்தியாவிலும் நுகர்வோர் விவகாரத் திணைக்களத்தார் 2022ஆம் ஆண்டு இவ்வுரிமையை ஆராயக் குழு அமைத்து, டிசம்பரில் இதற்கென இணையவாயில் ஒன்றையும் திறந்தனர்.

நமது நாடு சிறியது. கொம்பனிகளை மிரட்டும் வலிமை இல்லை என்பர். மிரட்ட வேண்டாம், எழுதிக் காட்டச் சொன்னாற் போதும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நுகர்வோர் விவகார அதிகாரசபை ஒன்று இங்கே இருக்கின்றது. தொலைபேசி இறக்குமதிக்கு அனுமதி வழங்கத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் இருக்கின்றது. மருந்துக் குப்பியிலும் பால்மாப் பெட்டியிலும் முடிவுத் திகதி அச்சிடுகிறோம். அதுபோல, தொலைபேசிப் பெட்டியிலும் மடிக்கணினிப் பெட்டியிலும், ‘இன்ன ஆண்டு வரை பாதுகாப்புத் தரப்படும்’ என்று தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் அச்சிடவேண்டும் என்று விதிப்பதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. அந்த ஒரு வரி இருந்தால், மலிவு என்று நாம் வாங்கும் தொலைபேசி உண்மையில் மலிவா என்பது கடையிலேயே விளங்கிவிடும்.

மாணவருக்கும் பெற்றோருக்கும்

சட்டம் வரும்வரை வாளாவிருக்க வேண்டியதில்லை. கைவிடப்பட்ட கணினிகள் பாடசாலையிலோ வீட்டிலோ இருக்குமாயின், எறிந்துவிடாதீர்கள். ‘லினக்ஸ்’ என்னும் குடும்பத்தைச் சேர்ந்த பணிசெயல் முறைமைகள் பணமின்றிக் கிடைக்கின்றன, அவற்றுட் பல பழைய கணினிகளிலும் இலகுவாக ஓடும், பாதுகாப்புப் புதுப்பித்தலும் தொடர்ந்து வரும், தமிழிலும் எழுதலாம். தகவல் தொழில்நுட்பம் கற்கும் மாணவர்கள் ஒரு பழைய கணினியிலே இதனை ஏற்றிப் பார்ப்பதைக் காட்டிலும் நல்ல செய்முறைப் பாடம் வேறில்லை. பழுதென்று மூலையிலே வைத்ததைத் தன் கையால் எழுப்பிய பிள்ளைக்கு, எந்தப் பொறியைக் கண்டும் அச்சம் இராது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வகுப்பிலே சகமாணவர் கையிலுள்ள புதிய தொலைபேசியைக் கண்டு, தன் வீட்டுப் பழைய தொலைபேசியை மேசைக்கடியில் மறைக்கும் பிள்ளைகளை நாம் காண்கிறோம். அந்தக் கூச்சமும் தானாக வந்ததன்று. விளம்பரக்காரர் பெரும்பணம் செலவிட்டு நமது பிள்ளைகளின் நெஞ்சிலே விதைத்தது. ஆண்டுதோறும் ஒரு புதிய பெயரும் புதிய நிறமும் வருவதே அதற்காகத்தான். தாயின் தோடு அடகுக் கடைக்குப் போகும் வழி பெரும்பாலும் இக்கூச்சத்திலேதான் தொடங்குகின்றது. ஒட்டுப்போட்ட தொலைபேசியிலே படித்து முன்னேறியவன் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் வாய்விட்டுச் சொல்லவேண்டும்.

புதுமையை வேண்டாமென்று நாம் கூறவில்லை. வேலை செய்யாததை மாற்றுவோம். சிறந்தது வந்தால், கையிலே பணமிருந்தால் வாங்குவோம். ஆனால், ஒரு பொருளின் காலம் முடிந்ததா என்பதை அது செய்யும் வேலையையும் நமது தேவையையும் கொண்டு நாமே முடிவு செய்யவேண்டும். விற்றவருக்குப் பாதுகாப்பை நிறுத்தும் உரிமை என்றேனும் உண்டென்றால், அந்த நாளை விற்கும்போதே சொல்லும் கடமையும், அதன்பின் திருத்துபவரின் கையைக் கட்டாதிருக்கும் கடமையும் அவருக்கு உண்டு.

ஐரோப்பியருக்குக் கதவு திறந்தது அவர்கள் தட்டியதனால் என்று மேலே கண்டோம். நாமும் தட்டிப் பார்ப்போம். அடுத்த முறை தொலைபேசிக் கடைக்குச் செல்லும் நேயர்கள், விலையைக் கேட்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டுகிறோம்: எந்த ஆண்டு வரை இதற்குப் பாதுகாப்புப் புதுப்பித்தல் வரும்? இதன் பற்றரியை இவ்வூரிலே மாற்ற முடியுமா? அசல் உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும்? முதல்நாள் கடைக்காரர் விழிப்பார். பத்தாவது ஆள் வந்து அதையே கேட்கும்போது, பொருளை இறக்கிக் கொடுத்த முதலாளியிடம் அவரே போய்க் கேட்பார்.